மண்ணெண்ணெயும் முதுமையும்: குறிகட்டுவானிலிருந்து ஒரு நோக்கு

முதியோரின் எரிபொருட் செலவுக்கு அரசு உதவுதல் என்றதும் பிரித்தானியாவின் குளிர்காலக் கொடுப்பனவே பலருக்கு நினைவுக்கு வரும். புங்குடுதீவின் குறிகட்டுவானில் வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆயின், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் மக்கள் படகேறும் அவ்விறங்குதுறையை அண்டி வாழும் வறிய முதியவர்க்கு எரிபொருள் என்பது பெரிதும் மண்ணெண்ணெயே. அடுப்புக்கும், மின்சாரம் அற்ற வேளையில் விளக்குக்கும், மகனின் படகு இயந்திரத்துக்கும் அதுவே வேண்டும்.

1979 செப்டெம்பரில் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரையைக் கொணர்ந்த அரசாங்கம் மண்ணெண்ணெய் முத்திரையையும் வழங்கிற்று. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களையே அது கருதிற்று. (கடல் சம்பளச் சீட்டுத் தருவதில்லை, மீனவன் தன் வருமானத்தை எவ்வாறு நிறுவுவான்?) பங்கீடு பொருளின் அளவில் அமைந்தது, முத்திரையோ ரூபாவில் அமைந்தது. இவ்வேறுபாடே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. விலை ஏறுமிடத்து, முன்னையதில் சுமையை ஏற்பது திறைசேரி. பின்னையதில் ஏற்பவர் வறியவர். சில ஆண்டுகளுள் உணவு முத்திரையின் மெய்ப்பெறுமதி ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்தது. எச்சட்டத்தையும் நீக்காமலே ஓர் உரிமையைக் கரைத்துவிடும் முறை இது.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. எழுபது வயதைக் கடந்த வறியோர்க்கு அதுவரை வழமையாக வழங்கப்பட்டு வந்த மாதக் கொடுப்பனவு 2,000 ரூபா. அத்தொகைக்கு முன்னர் ஏறத்தாழ 23 இலீற்றர் கிடைத்திருக்கும். பின்னர் ஆறு இலீற்றரும் இல்லை. நெருக்கடிக் காலத்தில் தற்காலிக மேலதிகக் கொடுப்பனவுகள் வழங்கப்பட்டமையும், இத்தொகை பிற்பாடு உயர்த்தப்பட்டமையும் உண்மையே. எனினும், உயர்வு ஆட்சியாளரின் விருப்பைப் பொறுத்ததாகவே இருந்தது.

பிரித்தானியாவிலும் நிலைமை முற்றிலும் வேறன்று. 1997இல் தொடங்கிய அக்கொடுப்பனவின் அடிப்படைத் தொகை 2000ஆம் ஆண்டு முதல் 200 பவுணாகவே உறைந்துள்ளது. 2024இல் அரசாங்கம் அதனை மிக வறியோர்க்கென மட்டுப்படுத்தியது. தொழிற்சங்கங்களும் ஓய்வூதியரும் எதிர்த்துநிற்க, 2025இல் 35,000 பவுண் வரை வருமானமுடையோர்க்கு மீள வழங்க இணங்கிற்று. அங்கு குடியேறி முதுமையெய்திய புங்குடுதீவாரும் அதனாற் பயனடைவர்.

ஓய்வூதியம் பிற்போடப்பட்ட கூலியாகும். ஆசிரியரும் எழுதுவினைஞரும் அதனைப் பெறுவர். வலை இழுத்தவனும் பனையேறியவனும் ஒருவரிடமும் மாதக் கூலி பெற்றவரல்லர். ஆதலின் அவர்க்குக் கிடைப்பது உரிமை எனப்படாது உதவி எனப்படுகின்றது. 2022இல் படகுகளுக்கு மண்ணெண்ணெய் கோரக் கடற்றொழிலாளர் சங்கங்கள் இருந்தன. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட கிழவரின் அடுப்புக்காகக் குரலெழுப்ப எச்சங்கம் உண்டு? கொடுப்பனவை ரூபாவிலன்றி இலீற்றரிற் கணிக்குமாறு கோருவதை அச்சங்கங்களே தொடங்கலாம்.