புயலில் சாய்ந்த மரமும் ஊர் வீட்டுப் பொறுப்பும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அமீரகத்தில் அந்நாளில் அதுவே வார விடுமுறை. சத்வாவில் குடியிருந்த தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டத்து அன்பர்கள் பலருக்கு அந்த விடுமுறை முழுவதும் ஊருக்குப் பேச முயல்வதிலேயே கழிந்தது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துகிடந்தன. தொடர்பு கிடைத்தபோது, "நாங்கள் நலம்" என்ற சொல்லுக்கு அடுத்து வந்த செய்தி பெரும்பாலும் ஒன்றே: கொல்லையில் மரமெல்லாம் போய்விட்டது, ஓட்டின் மேல் ஒரு தென்னை கிடக்கிறது, என்ன செய்வது?

இக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடல் கடந்து இருக்கிறார். மரத்தடியில் நிற்பவர்களோ வயதான பெற்றோர், அல்லது குழந்தைகளோடு தனித்திருக்கும் மனைவி. இந்நிலையில்தான் வாசலில் ஒருவர் வந்து நிற்பார். "அம்மா, இன்றைக்கு விட்டால் ஒரு மாதத்துக்கு ஆள் கிடைக்காது. முன்பணம் கொடுங்கள், சாயங்காலத்துக்குள் சுத்தம் செய்து தருகிறேன்" என்பார். சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவசரத்தில் பேசிய பேச்சால் கூலி இரு மடங்காகும். வேலையும் பாதியில் நிற்கும். ஆகவே இங்கிருந்து செய்யக்கூடிய முதல் உதவி பணம் அனுப்புவது அன்று. எதை உடனே செய்வது, எதைப் பொறுத்துச் செய்வது என்று பிரித்துச் சொல்வதே.

கூரை மேலும் கிணற்றின் மேலும் வழியை மறித்தும் கிடக்கும் மரம் முதல் வகை. இதற்குக் காத்திருக்க முடியாது. மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மரம் இரண்டாம் வகை. இதை வீட்டார் தொடவே கூடாது. தெரு இருண்டு கிடந்தாலும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று எண்ணிவிடலாகாது. மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகே வாள் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென 2021இல் தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்தின் எண் 94987 94987. தோட்டத்தில் யாருக்கும் இடையூறின்றிக் கிடப்பது மூன்றாம் வகை. இதற்குச் சில நாள் பொறுத்தால், இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்க அவகாசம் கிடைக்கும். சாலையோரத்து மரமும் புறம்போக்கு மரமும் நம்முடையவை அல்ல. அவற்றை ஊராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ தெரிவித்து விட்டுவிட வேண்டும்.

ஒரு மரத்தையும் அறுக்கு முன்னர் படம் எடுத்து வைப்பது அவசியம். கஜாவுக்குப் பின் தமிழக அரசு விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1100 ரூபாய் அறிவித்தது. மரத்தின் இழப்பீட்டுக்கு ஏறக்குறைய இணையாக அகற்றும் செலவையும் அரசே கணக்கிட்டது என்பது கவனிக்கத்தக்கது. கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வருமுன் மரத்தை அறுத்து ஏற்றிவிட்டால், எத்தனை மரம் விழுந்தது என்பதற்குச் சாட்சி இல்லாமற் போகும். மரம் கிடக்கும் கோலம், வீடும் மதிலும் தெரியும்படி நாலு பக்கத்துப் படம், மரங்களின் எண்ணிக்கை, பட்டா எண் ஆகிய நான்கும் கையில் இருந்தால் போதும்.

இனி ஒப்பந்தம். "மொத்தமாக இவ்வளவு" என்று பேசுவதில்தான் தகராறு பிறக்கிறது. அறுத்துப் போடுவது ஒரு வேலை. துண்டுகளை டிராக்டரில் ஏற்றி வெளியேற்றுவது மற்றொன்று. தூரைப் பறித்துக் குழியை மூடுவது மூன்றாவது. மட்டையையும் கீற்றையும் ஒதுக்குவது நான்காவது. இவற்றுள் எவை கூலியில் அடக்கம், ஜேசிபி வாடகை யாருடையது, மதிலோ ஓடோ உடைந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தயங்குபவரானால், பேசியதை அப்படியே தொலைபேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல்லலாம். மரத்தைச் சூளைக்காரருக்கு விற்பதாயின் அந்த விலையைக் கூலியில் கழிக்கச் சொல்வது நியாயமே. முன்பணம் சிறு பகுதியாக இருக்கட்டும். மீதி, தூர்க்குழி மூடிய பிறகு.

கூலியைப் பற்றி இவ்வளவு பேசும்போது கூலியாளைப் பற்றியும் பேச வேண்டும். சாய்ந்த மரம் நாண் பூட்டிய வில் போன்றது. வேரோடு பெயர்ந்த மரத்தை நடுவில் அறுத்ததும், பாரம் நீங்கிய தூர் மண்கட்டியோடு திடீரென்று நிமிர்ந்து பழைய குழியில் விழும். அக்குழியில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளையின் கதி என்னாகும்? ஆகவே வேலை நடக்கும் இடத்துக்குக் குழந்தைகள் போகக் கூடாது. பாதி சாய்ந்து நிற்கும் மரத்தில் கயிறில்லாமல் ஏறுகிறேன் என்பவரை ஏற விடக் கூடாது. இருட்டிய பின் வேலை வேண்டாம். சில நூறு ரூபாய் அதிகமானாலும், கயிறும் தலைக்கவசமும் இரண்டு மூன்று கூட்டாளிகளும் உள்ளவரே நமக்கு வேண்டியவர். நம் வீட்டு வேலைக்கு வந்தவர் முழுதாக வீடு திரும்ப வேண்டும்.

பொறுக்கலாம் என்றதால் மறந்துவிடலாம் என்று பொருள் அல்ல. அழுகும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. அது மக்கிய தண்டிலும் எருக்குழியிலும் முட்டையிடும். புழு அங்கேயே வளரும். வண்டாகிப் பறந்து, பிழைத்து நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும். பின்னர் விரியும் ஓலை விசிறி போல் கத்தரித்த தோற்றம் தரும். புயலுக்குத் தப்பிய பத்து மரங்களை, அகற்றாமல் விட்ட பத்து மரங்கள் கொல்லும் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். எனவே சில வாரங்களுக்குள் தண்டைப் பிளந்து காயவைப்பதோ, சூளைக்கு அனுப்புவதோ, எரிப்பதோ செய்தாக வேண்டும்.

இன்னொரு பகைவன் சிவப்புக் கூன்வண்டு. இது காயம்பட்ட மரத்தை நாடி வரும். நிற்கும் மரத்தில் ஏறுவதற்காக அரிவாளால் படி வெட்டுவதையும், பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்டி வெட்டுவதையும் தடுக்க வேண்டும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நான்கடி விட்டு வெட்டச் சொல்கிறார்கள் வேளாண்மைத் துறையினர். இந்த வண்டு நம்மவரைப் போலவே கடல் கடந்தது. தெற்காசியாவில் தென்னையைத் தின்றுவந்த இது 1980களின் நடுவில் அமீரகத்துப் பேரீச்சைத் தோப்புகளில் காணப்பட்டது. அன்று முதல் வளைகுடா நாடெங்கும் பெருந்தொல்லையாக இருந்து வருகிறது.

இங்கு நமக்கு மரக்கவலை இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2024 ஏப்ரல் 16ஆம் தேதிப் பெருமழையில் அல் ஐன் வட்டாரத்துக் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 1949இல் கணக்கெடுப்பு தொடங்கியது முதல் அமீரகம் இவ்வளவு மழை கண்டதில்லை. சத்வாவின் பழைய வீடுகளில் குடியிருப்போர், முற்றத்து மரம் சாய்ந்தால் முதலில் வீட்டு உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தாமாக ஆள் பிடித்து வெட்டுவது முறையன்று. தெரு மரமானால் துபாய் நகராட்சிக்கு 800900 என்ற எண்ணில் சொல்லலாம். அது காஃப் மரமாக இருந்தால் மேலும் கவனம் தேவை. 2008இல் அமீரகத்தின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டு சகிப்புத்தன்மை ஆண்டின் சின்னமாகவும் விளங்கிய அந்தக் காஃப் வேறெதுவும் அன்று. விஜயதசமியன்று நம் கோயில்களில் அம்பு போடும் வன்னி மரமேதான்.

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் தலவிருட்சமும் வன்னியே. திருப்பணி நடந்த காலத்தில் வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி இலை வழங்கப்பட்டதாகவும், அவரவர் உழைப்புக்கு ஏற்ப அது பொன்னாக மாறியதாகவும் தலவரலாறு கூறும். அந்த இலை நம் கையில் இல்லை. நாம் கொடுக்கும் கூலி உழைப்புக்கு ஏற்றதாக அமைய, முன்கூட்டியே தெளிவாகப் பேசிக்கொள்வது ஒன்றே வழி. ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயற்காலம். அதற்கு முன்பே ஊரில் நம்பிக்கையான மரம் வெட்டுபவர் ஒருவரின் பெயரையும் எண்ணையும் கேட்டு, வீட்டாரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைத்துக்கொள்வது நல்லது.