ஜாவா நிரல் திறக்கவில்லையா? கணினியை அழிக்கும் முன் அந்த ஒரு வரியைப் படியுங்கள்

லூமுட் படகுத்துறையில் வேலை செய்யும் ஒருவர், படிவம் 4 படிக்கும் மகளோடு என் வீட்டுக்கு வந்தார். லினக்ஸ் போட்ட மடிக்கணினியை மேசையில் வைத்தார். "அண்ணே, கடையில தொண்ணூறு வெள்ளி கொடுத்து ஃபார்மேட் பண்ணியாச்சு. இன்னும் அந்த புரோகிராம் திறக்க மாட்டேங்குது" என்றார். மகள் வாயே திறக்கவில்லை. மூன்று மாதமாக அவள் எழுதி வைத்திருந்த ஜாவா பயிற்சிகள் அந்த ஃபார்மேட்டில் அழிந்துபோயிருந்தன.

டெர்மினலைத் திறந்து ஒரு கட்டளை கொடுத்தேன். திரையில் சில வரிகள் வந்தன. அவற்றில் ஒன்றில் ‘ஹெட்லெஸ் எக்ஸெப்ஷன்’ என்று இருந்தது. சாளரம் வரையும் பகுதி இல்லாத ஜாவாவைக் கடையில் நிறுவியிருக்கிறார்கள் என்பது அதன் பொருள். முழு ஜாவாவைப் போட்டதும் நிரல் திறந்துகொண்டது. பத்து நிமிட வேலை, ஒரு காசு செலவில்லை. அந்த வரி கடைக்காரருக்கும் வந்திருக்கும். அவர் படிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு விலையாகப் போனது ஒரு மாணவியின் மூன்று மாத உழைப்பு.

இது ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சித்தியவானில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவருக்கு ஜியோஜீப்ரா திறக்கவில்லை. ஸ்ரீ மஞ்சோங்கில் ஒரு சின்ன அலுவலகத்தில் பழைய கணக்கு நிரல் திறக்கவில்லை. எல்லா இடத்திலும் நடந்தது ஒன்றுதான்: இரண்டு முறை சொடுக்கினார்கள், ஒன்றும் வரவில்லை, உடனே கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள்.

இந்தத் தொல்லை இப்போது கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் லினக்ஸ் மின்ட், உபுண்டு போட்ட பழைய மடிக்கணினிகள் வீடுகளுக்கு வருகின்றன. அது நல்ல காரியம்தான். அதே வீட்டில் படிவம் 4 கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை இருந்தால், அதற்கு ஜாவாவும் வேண்டும். நம் நாட்டில் அரசாங்க அமைப்பான மாம்பு 2004-லேயே பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. இருபது ஆண்டு கழிந்தும், விண்டோஸுக்கு மட்டும் வழிகாட்டி எழுதிவிட்டு, லினக்ஸ் வைத்திருப்பவரை "வேறு கணினியில் முயலுங்கள்" என்று அனுப்பிவைக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. அவர்கள் திருந்தும்வரை காத்திருக்க நமக்கு நேரமில்லை. நாமே கற்றுக்கொள்வோம்.

முதலில் பிரதி, அப்புறம்தான் பழுது

எதையும் தொடும் முன் உங்கள் கோப்புகளை ஒரு பென்டிரைவில் பிரதி எடுங்கள். கடைக்குக் கொடுப்பதானாலும் சரி, நீங்களே பார்ப்பதானாலும் சரி, பிரதிதான் முதல் வேலை.

அடுத்து, நிரலைச் சொடுக்கித் திறப்பதை நிறுத்துங்கள். சொடுக்கினால் பிழைச் செய்தி உங்கள் கண்ணுக்கு வராமலே போய்விடும். நிரலின் ஜார் கோப்பு இருக்கும் கோப்புறைக்குப் போய், வலது பொத்தானை அழுத்தி டெர்மினலைத் திறங்கள். அங்கே ஆங்கிலச் சிறிய எழுத்தில் ‘ஜாவா’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டோடு ஒட்டி ‘ஜார்’ என்று தட்டி, மறுபடி இடைவெளி விட்டுக் கோப்பின் முழுப் பெயரையும் தட்டி என்டர் அழுத்துங்கள். நிரல் திறந்துவிட்டால் கோளாறு சொடுக்கும் முறையில்தான். கோப்பின் பண்புகளுக்குப் போய், நிரலாக இயங்க அனுமதி கொடுங்கள். திறக்கவில்லை என்றால் திரையில் வந்ததைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். அந்தப் படம்தான் உங்கள் மருத்துவச் சீட்டு. பின்னால் கடைக்காரரோடு வழக்கு என்று வந்தால் அதுவே சாட்சி.

வந்த வரி எது, மருந்து எது?

கட்டளையே இல்லை என்ற பொருளில் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால், கணினியில் ஜாவாவே இல்லை. ‘அனேபிள் டு ஆக்சஸ் ஜார்ஃபைல்’ என்று வந்தால், நீங்கள் வேறு கோப்புறையில் நிற்கிறீர்கள் அல்லது பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கிறது. ‘நோ மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிபியூட்’ என்று வந்தால், எந்த வகுப்பிலிருந்து தொடங்குவது என்ற குறிப்பு அந்த ஜாருக்குள் இல்லை. மாணவர்கள் தாங்களே உருவாக்கும் ஜாரில் இதை அடிக்கடி பார்க்கலாம். கணினியில் ஒரு குறையும் இல்லை. ஜாரை மறுபடி உருவாக்கினால் போதும்.

‘ஹெட்லெஸ் எக்ஸெப்ஷன்’ என்றோ, ‘லிப்ஏடபிள்யூடி’ என்று தொடங்கும் நூலகத்தை ஏற்ற முடியவில்லை என்றோ வந்தால், படகுத்துறைக்காரர் வீட்டுக் கோளாறுதான். உபுண்டு, டெபியன், மின்ட் ஆகியவற்றில் ஜாவா இரண்டு பொதியாக வருகிறது. பெயரின் கடைசியில் ‘ஹெட்லெஸ்’ என்று இருப்பது திரையே இல்லாத சர்வர்களுக்கானது. அந்த வால் இல்லாத பெயர்தான் வீட்டுக் கணினிக்கு உரியது. மென்பொருள் மேலாளரிலோ சினாப்டிக்கிலோ ‘ஓபன்ஜேடிகே’ என்று தேடுங்கள். 17 அல்லது 21 என்ற எண்ணும் ‘ஜேஆர்ஈ’ என்ற முடிவும் கொண்ட பொதியைத் தேர்ந்து நிறுவுங்கள். நிரல் எழுதும் மாணவராக இருந்தால் ‘ஜேடிகே’ என்று முடிவதை எடுங்கள்.

‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்’ என்று வந்தால் நிரல் புதியது, உங்கள் ஜாவா பழையது. அதே வரியில் 61, 65 என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து 44-ஐக் கழியுங்கள். 61 என்றால் ஜாவா 17 வேண்டும்; 65 என்றால் ஜாவா 21. இந்தக் கழித்தலை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கணினியில் ஒட்டி வையுங்கள். பழைய நிரல் சில புதிய ஜாவாவில் முரண்டு பிடிப்பதும் உண்டு. ஒரே கணினியில் ஜாவா 8, 17, 21 மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். எது முதலில் ஓட வேண்டும் என்பதை ‘அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்’ என்ற கட்டளையால் தேர்ந்துகொள்ளலாம். புதியதை நிறுவப் பழையதை அழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

‘ஜாவாஎஃப்எக்ஸ் ரன்டைம் காம்பொனன்ட்ஸ் ஆர் மிஸ்ஸிங்’ என்று வந்தால் காரணம் வேறு. முன்பு ஆரக்கிளின் ஜாவா 8-ஓடு சேர்ந்து வந்த ஜாவாஎஃப்எக்ஸ், 2018-இல் வந்த ஜாவா 11 முதல் தனியாகப் பிரிந்துவிட்டது. ‘ஓபன்ஜேஎஃப்எக்ஸ்’ என்ற பொதியை நிறுவி, நிரலை ஓட்டும்போது அது இருக்கும் கோப்புறையையும் ஜாவாவுக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பது நிரலோடு வரும் குறிப்புத்தாளில் இருக்கும். அதையும் படியுங்கள்.

நிரல் திறந்து, தமிழ் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஜாவாவைக் குறை சொல்லாதீர்கள்; தமிழ் எழுத்துரு இல்லை. லோகித் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவிவிட்டு நிரலை மூடித் திறங்கள்.

செய்யவே கூடாதவை

முதலாவது, நிரலை ‘சுடோ’ போட்டு ஓட்டாதீர்கள். பொதியை நிறுவ சுடோ தேவை. நிரலைத் திறக்கத் தேவையே இல்லை. நிர்வாகி உரிமையில் ஓட்டினால் சில கணினிகளில் திரையோடு இணைய முடியாமல் நிரல் அங்கேயே நின்றுவிடும். ஓடிவிட்டாலோ இன்னும் மோசம். உங்கள் வீட்டுக் கோப்புறையில் அது எழுதும் கோப்புகள் நிர்வாகியின் பெயருக்கு மாறிவிடும். மறுநாள் சாதாரணமாகத் திறந்தால் அனுமதி இல்லை என்று மறுக்கலாம். நான் பார்த்த கோளாறுகளில் பாதி, முதல் கோளாறைச் சரிசெய்யப் போய் இப்படி இழுத்துவிட்டுக்கொண்டவை. ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், அந்தக் கோப்புறையின் உரிமையை ‘சௌன்’ கட்டளையால் உங்கள் பெயருக்கே திருப்புங்கள்.

இரண்டாவது, யாராவது ‘எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்’ என்று தட்டச் சொன்னால் தட்டாதீர்கள். அது திரையின் காவலைத் திறந்து விடும் கட்டளை. அதன் பிறகு அந்தத் திரையை எட்டக்கூடிய எந்த நிரலும் நீங்கள் தட்டும் எழுத்தைக் கவனிக்கலாம். அதே கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுபவர்தானே நீங்கள்?

மூன்றாவது, முகம் தெரியாத தளத்திலிருந்து ஜாவாவை இறக்காதீர்கள். லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்தில் ஓபன்ஜேடிகே இருக்கிறது. எக்லிப்ஸ் அமைப்பின் டெமுரின் இருக்கிறது. இரண்டுக்கும் காசில்லை. ஆரக்கிள் 2019 ஏப்ரலில் தன் ஜாவாவின் உரிம விதியை மாற்றியது. 2023 ஜனவரியில் ஊழியர் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் கணக்கிடும் முறையையும் கொண்டுவந்தது. உரிமத்தைப் படிக்காமல் அலுவலகக் கணினியில் அதை நிறுவும் சிறு முதலாளிகள் ஒரு நாள் பில் வரும்போது விழிக்க வேண்டாம். ஓபன்ஜேடிகேயில் அந்தக் கவலை இல்லை.

தவறான ஒன்றை இறக்கி ஓட்டிவிட்டதாகச் சந்தேகமா? இணையத்தைத் துண்டியுங்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்கு 1-300-88-2999 என்ற எண்ணில் சொல்லுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997-ஐ அழையுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன், இதைக் காதில் வாங்காமல் விடுபவர்கள்தான் அதிகம்: நிறுவ மட்டுமே சுடோ. திறக்க ஒருபோதும் வேண்டாம்.

கடைக்காரர் கெடுத்தால் எங்கே போவது?

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. "பள்ளிக்கு ஜாவா ஓட வேண்டும்" என்று சொல்லி வாங்கிய கணினி அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்கிறது 33-ஆம் பிரிவு. பழுது பார்ப்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது 53-ஆம் பிரிவு. சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பைக் கடைக்காரர் சுவரில் ஒட்டும் அறிவிப்பால் பறிக்க முடியாது.

ஆனால் வாய்ப்பேச்சைவிடத் தாளுக்குத்தான் பலம் அதிகம். கணினியைக் கடையில் கொடுக்கும்போதே ரசீதில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: என்ன கோளாறு, என்ன வேலை செய்யப் போகிறார், என்னைக் கேட்காமல் கோப்புகளை அழிக்கக் கூடாது. கடையின் பதிவுப் பெயரும் முகவரியும் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாத ரசீது வெறும் காகிதம். எழுதித் தர மறுக்கும் கடையில் கணினியைக் கொடுக்காதீர்கள்.

பிரச்சினை வந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அழிக்காமல் வையுங்கள். பதில் இல்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். அது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது. இதற்காக லூமுட்டிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்து ஏறத்தான் வேண்டும் என்பதில்லை. மன்றத்தின் இணையச் சேவையிலும் பதியலாம். நிரப்ப வேண்டியது பாரம் 1. கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே பேசலாம். பதிந்த பாரத்தின் பிரதியைக் கடைக்காரரிடம் சேர்ப்பிப்பது உங்கள் பொறுப்பு. பதிவுத் தபாலில் அனுப்பி அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது, நீங்கள் எடுத்த திரையின் படம், புகார்க் கடிதம், அதற்கு வந்த பதில் ஆகியவற்றை ஒரே கோப்பில் வரிசையாக வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த மன்றம் சொந்தப் பயனுக்கும் வீட்டுப் பயனுக்கும் வாங்குபவர்களுக்கானது. வியாபாரத்துக்கு வாங்கிய கணினிக்கு இந்த வழி திறக்காமல் போகலாம்.

அந்த மாணவிக்குத் தொண்ணூறு ரிங்கிட் திரும்பக் கிடைக்கலாம். அழிந்த கோப்புகளை எந்த மன்றமும் மீட்டுத் தராது. அவள் இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் கணினியில் ஏதாவது திறக்கவில்லை என்றால் கடைக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் கொடுங்கள். கோப்புகளைப் பிரதி எடுங்கள், டெர்மினலைத் திறங்கள், வந்த வரியைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். புரியாவிட்டால் படம் எடுத்துத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதுவரை யார் சொன்னாலும் ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.