தம் கதையைத் தாமே அச்சிட்டவர்கள்

"சுவாமி, நாவல் எழுதி முடித்துவிட்டேன். பதிப்பகத்தார் திருப்பி அனுப்பிவிட்டனர். அம்மாவின் வளையல்களை அடகு வைத்து நானே அச்சிட்டுவிடலாமா?" என்று கேட்டுக்கொண்டு பங்கு இல்லத்தின் படியேறி வரும் இளைஞர் ஆண்டுக்கு ஒருவரேனும் உண்டு. வேண்டாம் என்று ஒரே சொல்லில் தடுத்துவிடுவது நமக்கு எளிது. ஆயின் அது நியாயமன்று. சொந்தச் செலவில் கதைநூல் அச்சிட்டுப் புகழும் பொருளும் எய்தியோர் உலகில் உண்டு; அவ்வாறே அச்சுத் தொழிலில் இறங்கிக் கடனாளியானோரும் உண்டு. அவர்கள் செய்தது யாது என்று அறிந்த பின் வளையல்களைப் பற்றி முடிவு செய்யலாமன்றோ?

இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்றோர் அம்மையார் இருந்தார். தமக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியையின் மகன் நோயுற்றுக் கிடந்தபோது, அச்சிறுவனை மகிழ்விக்க 1893 செப்டம்பரில் ஒரு கடிதம் எழுதினார். பீட்டர் என்னும் குறும்புக்கார முயற்குட்டியின் கதை அதில் படங்களோடு இருந்தது. சில ஆண்டுகள் கழித்து அக்கடிதத்தைத் திரும்ப வாங்கி, விரித்தெழுதிப் பதிப்பகத்தாருக்கு அனுப்பினார். ஆறு பதிப்பகங்களேனும் மறுத்துவிட்டன. அம்மையார் விரும்பியது குழந்தையின் கைக்கு அடங்கும் சிறிய, விலை குறைந்த நூல். பதிப்பகத்தார் விரும்பியதோ பெரிய நூல். அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை. 1901 டிசம்பரில் தம் பணத்தைக் கொண்டு 250 பிரதிகள் அச்சிட்டார். உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்கள். முகப்பில் மட்டும் ஒரு வண்ணப் படம். உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்தும் விற்றும் அவை விரைவில் தீர்ந்துபோக, இரண்டே மாதங்களில் மேலும் 200 பிரதிகள் அச்சிட வேண்டியதாயிற்று.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அச்சிட்டது 250; ஆயிரமன்று. எத்தனை பேர் வாங்குவர் என்பதைத் தம் சுற்றத்தாரின் எண்ணிக்கையைக் கொண்டு அளந்தாரேயன்றித் தம் ஆசையைக் கொண்டு அளக்கவில்லை. அன்றியும், அந்தக் கதை அச்சேறுமுன் எட்டாண்டுகள் இருந்தது. எழுதி முடித்த கையோடு அச்சகத்துக்கு ஓடும் நம் இளைஞருக்கு இந்த எட்டாண்டு பெரும் தண்டனையாகத் தோன்றும்!

இதனிடையே ஒரு வேடிக்கை. அம்மையாரின் குடும்ப நண்பரான ஆங்கிலிக்கன் குரு ஒருவர், ரான்ஸ்லி என்பார், உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, முயற்குட்டியின் கதையை நீதி புகட்டும் செய்யுளாக மாற்றி, ஃபிரெடெரிக் வார்ன் பதிப்பகத்துக்கு அனுப்பினார். அவர்களோ செய்யுள் வேண்டாம், அம்மையாரின் எளிய உரைநடையே போதும் என்றனர். குருக்கள் கதையில் கைவைத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? நாமும் நினைவில் வைத்துள்ளோம்.

வண்ணப் படங்களோடு அந்தப் பதிப்பகம் 1902 அக்டோபரில் வெளியிட்ட முதற்பதிப்பு 8,000 பிரதிகள். ஆண்டு முடிவதற்குள் 28,000 பிரதிகள் அச்சாயின. ஆயினும் அம்மையார் தம் வணிகக் கண்ணை மூடிவிடவில்லை. அடுத்து எழுதிய தையற்காரர் கதையில் தாம் விரும்பிச் சேர்த்த பாடல்களைப் பதிப்பகத்தார் வெட்டிவிடுவர் என்று அஞ்சி, அதே ஆண்டு டிசம்பரில் அதனைத் தாமே 500 பிரதிகள் அச்சிட்டுக்கொண்டார். 1903-இல் பீட்டர் முயல் பொம்மையைச் செய்து அதற்குக் காப்புரிமை பதிவு செய்தார். பதிப்பகமோ அமெரிக்காவில் நூலின் பதிப்புரிமையைப் பதியத் தவறியது. அதனால் அந்நாட்டில் பிறர் அச்சிட்டு விற்ற பிரதிகளுக்கு அவருக்கு ஒரு காசும் கிட்டவில்லை. எனினும் நூல் வருவாயோடு தம் அத்தை விட்டுச்சென்ற பணத்தையும் சேர்த்து, 1905-இல் ஏரி மாவட்டத்தில் ஒரு பண்ணையை வாங்கினார். 1943-இல் அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நாட்டின் மரபுரிமை அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். 250 பிரதிகளில் தொடங்கிய கதை இது.

நிற்க. மார்க் ட்வெய்ன் கதை வேறு. பிறர் தம் நூல்களை விற்று இலாபம் பெறுவது பொறாத அவர், 1884-இல் தம் உறவினர் சார்லஸ் வெப்ஸ்டர் பெயரில் ஒரு பதிப்பகம் தொடங்கினார். முகவர்கள் வீடுவீடாகச் சென்று முன்பதிவு பெற்ற பின்னரே நூல் விநியோகிக்கப்படும். முதல் நூலாக அவருடைய 'ஹக்கிள்பெரி ஃபின்' 1885-இல் அமெரிக்காவில் வெளிவந்து நன்கு விற்றது. அதே ஆண்டு வெளியிடத் தொடங்கிய முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்டின் நினைவுக்குறிப்புகள் 3 லட்சத்துக்கும் மேல் விற்றன. அவர்தம் கைம்பெண்ணுக்கு 1886-இல் 2 லட்சம் டாலர் காசோலை ஒன்று தரப்பட்டது. இந்த வெற்றிதான் ட்வெய்னின் கண்ணை மறைத்தது.

இங்கே நம் மக்கள் கதைக்குள் வருகின்றனர். பாப்பரசர் 13-ஆம் சிங்கராயரின் குருத்துவப் பொன்விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டால் உலகின் கத்தோலிக்கக் குடும்பம் ஒவ்வொன்றும் வாங்கியே தீரும் என்று ட்வெய்ன் கணக்கிட்டார். வெப்ஸ்டர் உரோமைக்கே சென்று பாப்பரசரைக் கண்டுவந்தார். 1887-இல் நூல் வெளிவந்தது. எதிர்பார்த்த விற்பனை வரவில்லை. கத்தோலிக்கருள் பலர் படிக்கத் தெரியாதவர், தெரிந்தவரும் படிக்க விரும்பாமல் இருக்கக்கூடும், இதனை எண்ணிப் பார்க்கவில்லை என்று ட்வெய்னின் நண்பர் ஹவல்ஸ் என்னும் நாவலாசிரியர் பின்னாளில் எழுதினார். முதற் காரணம் அக்காலத்தது. இரண்டாம் காரணமோ நம்மை உறுத்துகிறது. இந்த இதழுக்குச் சந்தா சேர்க்க வீடுவீடாக அலையும் அன்பர்களைக் கேட்டால் தெரியும்.

பதிப்பகம் ஈட்டியதையும் மனைவியின் சொத்தையும், எழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடிக்க முயன்றவரிடம் ட்வெய்ன் கொட்டினார். இயந்திரம் ஒழுங்காக ஓடவே இல்லை. 1894 ஏப்ரலில் பதிப்பகம் திவாலாயிற்று. சட்டப்படி முழுக்கடனையும் தீர்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. எனினும் அறுபது வயதை நெருங்கிய நிலையில் ஊர்ஊராகச் சென்று கட்டணச் சொற்பொழிவு ஆற்றப் புறப்பட்டார். ஆஸ்திரேலியா, கொழும்பு, பம்பாய், கல்கத்தா என்று அப்பயணம் நீண்டது. அது முடிந்த சில வாரங்களில் அமெரிக்காவில் விட்டுவந்த மூத்த மகள் இறந்தாள், தந்தை அருகிலில்லை. 1898-இல் கடைசிக் காசு வரை கடனைத் தீர்த்தார்.

இக்காலத்தில் அச்சுக்கூலிகூட வேண்டாம் என்பார் உளர். உண்மைதான். ஆண்டி வியர் என்னும் அமெரிக்கக் கணினிப் பொறியாளர், செவ்வாய்க் கோளில் தனித்து விடப்பட்ட ஒருவனின் கதையை 2009 முதல் தம் இணையதளத்தில் அதிகாரம் அதிகாரமாக இலவசமாகவே வெளியிட்டார். அறிவியல் அறிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டத் திருத்திக்கொண்டார். 2011-இல் அதனை 99 சென்ட் விலையில் மின்னூலாக்கினார், பின்னர் பெரிய பதிப்பகம் தேடிவந்து வாங்கிற்று, 2015-இல் திரைப்படமுமாயிற்று. விலை வைக்குமுன் ஆண்டுக்கணக்கில் படித்துக் குறைசொல்லும் கூட்டம் ஒன்றை அவர் சேர்த்துக்கொண்டார் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர்.

சென்ற தவக்காலத்தில் வந்த இளைஞரிடம் இவற்றைச் சொல்லி, கையெழுத்துப் பிரதியை எட்டு நகல் எடுத்து, உறவினரல்லாத எட்டுப் பேரிடம் கொடுக்கச் சொன்னோம். ஐவர் முழுதும் படித்தனர். ஒருவர் திருப்பித் தரவே இல்லை. இருவர் மூன்றாம் அதிகாரத்தோடு நின்றுவிட்டனர். அந்த அதிகாரத்தை அவர் இப்போது மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறார். வளையல்கள் தாயின் கையிலேயே உள்ளன.