காந்தளும் இதயமும்

கார்த்திகை மாரி தொடங்கியதும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பற்றைகளிலே காந்தள் தலைகாட்டும். கார்த்திகைப் பூ என்பர் ஊரார். செம்மையும் மஞ்சளும் கலந்த அம்மலரை மகளிர் விரலுக்கு உவமித்தனர் சங்கப் புலவர். பூவைக் கண்டு மகிழும் ஊரார் கிழங்கைக் கண்டு அஞ்சுவர். அஞ்சுவது முறையே, அதிலுள்ள கொல்கிசின் உயிர்குடிக்கும் நஞ்சு. அந்த நஞ்சையே இன்று இதய வைத்தியர்கள் மருந்தாக ஆராய்கின்றனர் என்றால் வியப்பன்றோ?

குருதிக் குழாயிலே கொழுப்புப் படிந்து, நீர்க்குழாய் தூர்வதுபோல் அடைபடுவதே மாரடைப்பு என்று நெடுங்காலம் பலர் எண்ணினர். ஆனால், நாடிச் சுவரில் நிகழ்வது அழற்சியே என்று ஜேர்மனிய அறிஞர் ருடோல்ப் விர்ச்சோ 1856 இலேயே கூறினார்.

முள் தைத்த இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கிறதே, அதுவே அழற்சி. உடலின் காவற்படையாகிய வெண்குருதிக் கலங்கள் அங்கே திரண்டு போரிடுகின்றன. இது நன்மையே. ஆனால் நாடிச் சுவரினுள் கொழுப்புப் புகுந்தால், அவை அதனை விழுங்கி, செரிக்க மாட்டாது அங்கேயே தங்கி, மேலும் படையை அழைக்கின்றன. பிரட்றிக் கோட்டையின் காவலர் கலைந்து போகாமல், தாம் காக்க வந்த மதிலையே இடித்தாற் போன்றது இது. நலிந்த சுவர் ஒருநாள் வெடிக்கிறது; குருதி உறைந்து வழியை அடைக்கிறது; இதயத் தசை மடிகிறது.

அக்காவலரை அடக்கினால் இதயம் பிழைக்குமா? முன்னர் மாரடைப்புற்ற பத்தாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2017 இல் வெளியாயிற்று. கொழுப்பைத் தொடாது அழற்சியை மட்டும் தணித்த கனகினுமப் என்னும் மருந்து, மீண்டும் வரும் இடரைச் சுமார் 15 வீதம் குறைத்தது. விர்ச்சோவின் கூற்று மெய்ப்பட்டது. ஆயினும் மருந்து பெற்றோருள் தொற்றுநோயால் இறந்தவர் சற்றே மிகுந்தனர். காவலரின் வாளைப் பறித்தால் வெளிப்பகை நுழையுமன்றோ?

காந்தளின் நஞ்சுக்கு வருவோம். நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கொல்கிசின் இடரைத் தணித்தது என்றது, 5,522 இதய நோயாளரிடம் நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்வு. மாரடைப்பு நேர்ந்தவுடன் கொடுத்துப் பார்த்த 2024 ஆம் ஆண்டின் பேராய்வோ பயன் காணவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை.

புகையை விடுதல், உடற்பருமனைக் குறைத்தல், நாள்தோறும் நடத்தல் ஆகியன அழற்சியைத் தணிக்கும் என்பதில் மட்டும் ஐயமில்லை. வேலியோரக் கிழங்கை அகழ்ந்து மருந்தாக்க முனைபவர் உயிரிழப்பர். நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது அளவு. நம்மைக் காக்கும் அழற்சி நம்மையே அழிப்பதும் அவ்வளவு தவறும்போதுதான்.