காதுக்குள் ஒரு சில்வண்டு

மனிதனுக்கு வரும் வியாதிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாட்சி உண்டு. ஜுரம் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஆமாம், கொதிக்கிறது" என்று சொல்ல வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். பல் வலித்தால் கன்னம் வீங்கி ஊருக்கெல்லாம் சமாசாரம் சொல்லிவிடுகிறது. ஜலதோஷமோ தும்மல் மூலம் தன்னைத் தானே விளம்பரம் செய்து கொள்கிறது. காதிரைச்சல் என்னும் உபத்திரவத்துக்கு மட்டும் சாட்சியே கிடையாது. ஒருவருடைய காதில் ஒலிக்கும் அதை அவர் ஒருவரே கேட்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து காப்பி அருந்துகிறவர், "உங்களுக்கு என்ன குறைச்சல்? நன்றாகத்தானே இருக்கிறீர்கள்!" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

இது அபூர்வமான நோய் என்று நினைத்து விடக் கூடாது. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 14 பேர் இந்த ஒலியை அறிந்தவர்கள். நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் அதனால் கடுமையாகத் துன்பப்படுகிறார்கள். ஒரே ஒலி சிலரைப் பொருட்படுத்தாமல் இருக்க விடுகிறது. சிலருடைய தூக்கத்தையும் சோற்றையும் பறித்துக் கொள்கிறது. இந்த வித்தியாசம் எதனால் ஏற்படுகிறது என்பதைத் தெரிந்து கொண்டால் பாதித் துன்பம் தீர்ந்தது என்றே சொல்லலாம்.

சளி பிடித்த கதை

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு மெல்லிய குழாய் ஒன்று போகிறது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் இருந்த யூஸ்டாக்கியஸ் என்ற உடற்கூற்று வல்லுநர் அதை விவரித்தார்; இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. நாம் கொட்டாவி விடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் அந்தக் குழாய் சிறிது திறந்து, செவிப்பறையின் இரு பக்கத்திலும் காற்றின் அழுத்தத்தைச் சமமாக்குகிறது. கடுமையான ஜலதோஷம் பிடித்தால் குழாய் வீங்கி அடைத்துக் கொள்கிறது. நடுக்காதில் நீர் தேங்குகிறது. அதில் கிருமிகள் குடியேறினால் சீழ் பிடிக்கிறது. அப்போது உண்டாகும் வலியை அனுபவித்தவர்களே அறிவார்கள். சில சமயம் செவிப்பறையில் சிறு துவாரம் விழுந்து சீழ் வடிந்த பிறகுதான் வலி தணிகிறது.

மருந்து சாப்பிட்டுச் சீழும் வலியும் போன பிறகும் நடுக்காதில் தேங்கிய நீர் வாரக் கணக்கில் தங்கி விடுவதுண்டு. அங்கே சம்மட்டி, பட்டடை, அங்கவடி என்ற வடிவங்களில் மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றன. கடைசி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர் அளவே உள்ளது. மனித உடலில் அதைவிடச் சிறிய எலும்பு வேறு இல்லை. இவை தண்ணீரில் நின்று கொண்டு வேலை செய்ய வேண்டி வந்தால் வெளி ஒலி மந்தமாகிறது. அந்தச் சமயம் பார்த்து உள்ளே ஓர் ஒலி தலை தூக்குகிறது.

எனக்கு அது வந்தது ஒரு மழைக்காலத்தில். காது வலி தீர்ந்து, "அப்பாடா!" என்று படுத்த இரவில், எங்கோ சில்வண்டு ஒன்று கத்துவது கேட்டது. தோட்டத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன், கத்தல் நிற்கவில்லை. குழாயில் தண்ணீர் கசிகிறதோ என்று மனைவியைக் கேட்டேன். அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "குழாய் நன்றாகத்தான் மூடியிருக்கிறது. நீங்கள் தூங்குங்கள்" என்றாள். வண்டு என் வலது காதுக்குள்ளேயே இருக்கிறது என்று விடியும் வேளையில்தான் புரிந்தது.

பள்ளிக்கூடத்து ஆசிரியனுக்குக் காதுதான் மூலதனம். பாடம் சொல்ல வாய் போதும். பாடம் புரிந்ததா என்று அறியக் காது வேண்டும். கடைசிப் பெஞ்சியில் இருக்கும் கூச்சமுள்ள பையன் வாய்க்குள்ளேயே சொல்லும் பதில் கேட்காமல் போய்விட்டால், அந்த வகுப்பில் நான் எதற்கு? இரவு முழுவதும் இந்தக் கேள்வியும் சில்வண்டும் மாறி மாறிக் கத்தின. இரண்டு வாரத்துக்குள், ஓசையைவிட அதைப் பற்றிய பயமே பெரிதாகிவிட்டது.

மூளையின் தவறான தாராளம்

உட்காதில் நத்தைக் கூட்டைப் போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற நுண்ணிய நுனிகளை உடைய ஏறக்குறைய 15,000 அணுக்கள் வரிசையாக அமைந்து, ஒலி அலையை நரம்புக்குரிய சைகையாக மாற்றுகின்றன. நடுக்காது அடைத்துக் கொண்டாலும் சரி, இந்த அணுக்களில் சில பழுதானாலும் சரி, மூளைக்குப் போய்ச் சேரும் சைகைகள் குறைகின்றன. மூளை அதைக் கண்டு சும்மா இருப்பதில்லை. வானொலிப் பெட்டியில் நிலையம் தெளிவாகக் கிடைக்காதபோது நாம் ஒலியைக் கூட்டி வைக்கிறோம் அல்லவா? பாட்டுக் கிடைக்கிறதோ இல்லையோ, கரகரப்புப் பெரிதாகிறது. மூளையும் இப்படியே தன் கவனத்தைக் கூட்டி வைக்கிறது. நரம்புகளில் இயற்கையாக உள்ள மெல்லிய சலசலப்பு அப்போது சில்வண்டாகவும் சங்காகவும் கேட்கிறது என்பதே இன்றைய விஞ்ஞானிகள் பலருடைய கருத்து.

அந்தச் சலசலப்பு யாரிடத்திலும் இருக்கிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான பரீட்சை உண்டு. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர், செவித்திறன் குறையாத 80 பேரை ஓசை புகாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு ஒலி கேட்டதாக எழுதினார்கள்! பூரண நிசப்தம் என்று நாம் ஏங்குகிற வஸ்து, ஆரோக்கியமான காதுக்கும் எளிதில் கிடைப்பதில்லை என்று இதனால் ஏற்படுகிறது.

நம் முன்னோர் இந்த நோயை அறியாதவர்கள் அல்லர். காதில் வரும் நோய்கள் இருபத்தெட்டு என்று கணக்கிட்ட சுசுருத சம்ஹிதையில் இதுவும் இடம் பெற்றிருக்கிறது. ஆயுர்வேதத்தில் இதற்குக் கர்ண நாதம் என்று பெயர். பேரிகை, மிருதங்கம், சங்கு ஆகியவற்றின் ஒலியைப் போல் கேட்கும் என்று பழைய வைத்திய நூல்கள் வருணிக்கின்றன.

செக் நாட்டுச் சங்கீதப் புலவர்

காதிரைச்சலை எதிர்கொண்டவர்களில் என் மனத்தைக் கவர்ந்தவர் பெட்ரிக் ஸ்மெதனா. ஆஸ்திரியச் சாம்ராஜ்யத்தின் ஆட்சியின் கீழ் இருந்த செக் மக்களுக்குத் தங்கள் தாய்மொழியில் இசை நாடகங்களை அமைத்துத் தந்த தேசபக்தர் அவர். பிராக் நகரத்து நாடக அரங்கில் வாத்திய கோஷ்டியை நடத்தி வந்தார். 1874-ஆம் ஆண்டில் தொண்டையில் நோய் கண்டு, பின்னர் காது அடைத்து, இரைச்சல் தொடங்கியது. அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் இரு செவிகளும் முற்றிலும் கேளாமற் போயின. சங்கீதமே ஜீவனமாக இருந்த ஐம்பது வயது மனிதருக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள், தம் நாட்டு நதியாகிய வல்டவாவின் ஓட்டத்தை வருணிக்கும் சங்கீதத்தை எழுதி முடித்தார். "என் தாய்நாடு" என்ற ஆறு பகுதிகள் கொண்ட படைப்பில் அது ஒரு பகுதி. இன்றும் உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது. 1876-ல் நான்கு தந்தி வாத்தியங்களுக்கென்று தம் வாழ்க்கைக் கதையைச் சங்கீதமாக்கினார். அதன் இறுதிப் பகுதியில், குதூகலமாய்ப் போய்க் கொண்டிருக்கும் இசை திடீரென்று நின்று, பிடில் ஒன்று மிக உச்சமான ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கிறது. தம் காதில் ஒலித்த இரைச்சலையே அங்கே அமைத்திருக்கிறார். மற்ற யாருக்கும் கேட்காத ஒலிக்கு உலகத்தையே சாட்சியாக்கிவிட்டார்!

ஸ்மெதனாவின் நோய் மிகவும் கடுமையானது. ஜலதோஷத்தினால் காதில் சீழ் பிடித்தவர்களுக்கு அப்படி ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலோருக்குத் தேங்கிய நீர் வடிந்ததும் செவிப்புலன் மீளுகிறது, ஒலியும் குறைகிறது. சிலருக்கு ஒலி தங்கிவிடுவதும் உண்டு.

பழக்கம் என்னும் மருந்து

ரயில்வே நிலையத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவர் நள்ளிரவு ரயில் ஊதும்போது அயர்ந்து தூங்குகிறார். ஆனால் தொட்டிலில் குழந்தை முனகினால் தாயார் சட்டென்று விழித்துக் கொள்கிறாள். ரயில் சத்தம் பெரியது, முனகல் சிறியது. எது முக்கியம் என்று மனம் தீர்மானித்து வைத்திருக்கிறதோ, அதுவே நம்மை எழுப்புகிறது. ஜாஸ்திரபாஃப் என்னும் விஞ்ஞானி 1990-ஆம் ஆண்டில் காதிரைச்சலுக்கு இந்த முறையிலேயே விளக்கம் கூறினார். காதில் எழும் ஒலியை ஆபத்தின் அறிகுறி என்று மனம் முத்திரை குத்திவிட்டால், மூளை அதை விடாமல் காவல் காக்கிறது. "இதனால் ஆபத்தில்லை" என்று அனுபவத்தில் தெளிந்துவிட்டால், காவல் தானே தளருகிறது.

காது டாக்டர் ஒருவர் இசைக்கவையைத் தட்டி என் காதருகில் பிடித்தும், பிறகு யந்திரத்தினாலும் சோதித்துவிட்டு இதையே வேறு மாதிரியாகச் சொன்னார்: "சத்தம் எப்போது போகும் என்று தினந்தோறும் காத்திருக்காதீர்கள். காத்திருப்பதற்கும் காது கொடுக்க வேண்டியிருக்கிறதே!"

அன்று முதல் நான் கைக்கொண்டவை எல்லாம் எளிய காரியங்கள். முதலாவது, நிசப்தமான அறையில் தனியே படுக்காமல் இருந்தது. பாரிஸ் நகரத்தில் இட்டார்டு என்ற வைத்தியர், வெளி ஒலியினால் உள் ஒலியைத் தணிக்கும் வழியை 1821-லேயே தம் நூலில் எழுதியிருக்கிறார். எனக்கு மின்விசிறி போதுமானதாக இருந்தது. சிலருக்கு மழை ஓசையோ மெல்லிய தம்பூரா சுருதியோ பிடிக்கும். உள் ஒலியை அமுக்கும்படி பெரிதாக வைக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு துணையாக இருந்தால் போதும். இரண்டாவது, "இப்போது கேட்கிறதா?" என்று மணிக்கொரு தரம் சோதித்துப் பார்ப்பதை விட்டது. மூன்றாவது, வகுப்பில் நான் நிற்கும் இடத்தை மாற்றிக் கொண்டது. கடைசிப் பெஞ்சிக்கு அருகில் போய் நின்று கேள்வி கேட்டேன். கூச்சமுள்ள பையன்கள் முன்னைவிட அதிகமாகப் பதில் சொல்லத் தொடங்கினார்கள்!

தூக்கமும் பசியும் கெட்டு மனம் சோர்ந்து போனவர்கள் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எண்ணங்களைச் சீர்ப்படுத்தும் மனப்பயிற்சிச் சிகிச்சை காதிரைச்சலால் வரும் துயரத்தைக் குறைப்பதாக ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. செவிப்புலன் குறைந்திருப்பவர்களுக்குக் காதுக் கருவி இரட்டை உதவி செய்யும். வெளி ஒலி நன்றாய்க் கேட்கும்போது உள் ஒலி பின்வாங்குகிறது.

வீட்டாருக்குச் சில வார்த்தைகள்

காது வலி என்றதும் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு பாட்டிமார்கள் வந்துவிடுவார்கள். அவர்களுடைய அன்பை ஏற்றுக் கொள்ளலாம். எண்ணெயை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். செவிப்பறையில் துவாரம் இருந்தால் எண்ணெயும் தண்ணீரும் உள்ளே போய்க் கெடுதல் செய்யும். கொண்டை ஊசியையும் பஞ்சுக் குச்சியையும் காதின் பக்கம் கொண்டு போகவே கூடாது. கொயினாவும், அதிக அளவில் ஆஸ்பிரினும் காதில் இரைச்சலை உண்டாக்கக் கூடியவை. ஆனால் வைத்தியர் கொடுத்த மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

சில அறிகுறிகளைக் கண்டால் தாமதம் உதவாது. காது திடீரென்று கேளாமற் போதல், தலை சுற்றல், முகத்தில் ஒரு பக்கம் கோணுதல், காதின் பின்புறம் வீக்கம் ஆகியவை கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். திடீர்ச் செவிட்டுக்குச் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை அதிகம். சீழ் வடிவது நிற்காவிட்டாலும், ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தாலும், இரைச்சல் நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்தாலும் அவசியம் காட்டிக் கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நோயாளிக்கு முதலில் வேண்டியது, தாம் சொல்வதை வீட்டார் நம்புவதே. "எல்லாம் பிரமை" என்று தள்ளிவிடுவது கூடாது. "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று வேளைக்கு ஒரு தரம் விசாரிப்பதும் கூடாது, மறந்திருந்தவருக்கு அது நினைவூட்டிவிடும். இரவில் அவர் விழித்துக் கொண்டிருந்தால், குழாயைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசினால் போதும்.

மகாத்மா காந்தி திங்கட்கிழமைதோறும் மௌன விரதம் இருந்து வந்தார். சுற்றிலும் ஜனங்களின் ஆரவாரம் ஓயாத நாட்களிலும் அந்த விரதத்தை அனுசரித்தார். உலகம் வாயை மூடட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. என் காதில் உள்ள சில்வண்டும் இன்னும் வாயை மூடவில்லை; அமைதியான இரவுகளில் தேடினால் கிடைக்கும். ஆனால் தேடுவதற்கு இப்போதெல்லாம் எனக்கு நேரம் இருப்பதில்லை. திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகங்கள் அவ்வளவு இருக்கின்றன!