பேச்சு நின்றபின் பொருள் புரியுமா? அஃபேசியாவும் மொழி உணர்தலும்

பக்கவாதத்திற்குப் பின் ஒருவர் பேச இயலாமற் போனால், சுற்றியிருப்போர் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். "அவருக்கு எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை" என்பது ஒன்று. "அவருக்கு இனி ஒன்றும் புரியாது" என்பது மற்றொன்று. முதல் முடிவால், அவர் விளங்கிக்கொள்ளாதவற்றிற்கும் இசைந்ததாகக் கொள்ளப்படுகிறார். இரண்டாவதால், அவர் எதிரிலேயே, அவர் இல்லாதது போல, அவருடைய மருத்துவமும் உடைமையும் பேசி முடிக்கப்படுகின்றன. இவ்விரு முடிவுகளுமே பெரும்பாலும் பிழையானவை.

மூளையின் மொழிப் பகுதிகள் பழுதுறுவதால் நேரும் மொழிக் குறைபாட்டை அஃபேசியா என்பர். தமிழில் மொழியிழப்பு எனலாம். பக்கவாதமே இதன் முதன்மைக் காரணம். தலைக்காயம், மூளைக்கட்டி ஆகியவற்றாலும் இது ஏற்படும். இது செவிப்புலன் குறையன்று; அறிவு மழுங்குதலும் அன்று.

இரு மருத்துவர் கண்டவை

1861ஆம் ஆண்டில், பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்னும் நோயாளியைப் பால் புரோக்கா ஆராய்ந்தார். எதை வினவினும் "டான், டான்" என்னும் ஒலியே பெரும்பாலும் விடையாக வந்தது. அம்மருத்துவமனையில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்று கேட்டபோது, லெபோர்ன் ஒரு கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பின் ஒரு விரலை நீட்டினார். 21 ஆண்டுகள், விடை சரியானதே.

1874இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோயாளிகளின் நிலை இதற்கு மாறானது. அவர்கள் பேச்சு தடையின்றி ஓடியது. ஆயினும் சொற்கள் பிறழ்ந்தன, பிறர் கூறுவதை உணர்வதிலும் பெருங்குறை இருந்தது. ஆகவே, பேச்சின் ஓட்டத்தைக் கொண்டு புரிதலை அளத்தல் இயலாது.

பழமும் புலியும்

புரோக்கா வகையினருக்குப் பேச்சு மட்டுமே குன்றும், புரிதல் குன்றாது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. 1976இல் அல்ஃபோன்சோ கராமாசா, எட்கர் சூரிஃப் ஆகிய இருவரும் இதனைச் சோதித்தனர். ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கூறி, அதற்குரிய படத்தைச் சுட்டச் செய்தனர். பையன் உண்ணும் பழம் சிவப்பு என்பது போன்ற வாக்கியங்கள் இவர்களுக்கு எளிதில் விளங்கின. புலி துரத்தும் சிங்கம் பருமனானது என்பது போன்றவற்றில், குருட்டாம்போக்கில் சுட்டுவோரை ஒத்த அளவிற்கே விடைகள் அமைந்தன.

இதன் காரணம் தெளிவு. பழம் பையனை உண்ணாது. சொற்பொருளும் உலகியல் அறிவும் போதும். சிங்கமும் புலியை துரத்தக்கூடும். அங்கே இலக்கணம் ஒன்றே வழிகாட்ட வேண்டும். அவ்வழிகாட்டி தளர்ந்தபோது பொருளும் தடுமாறியது.

தமிழில் இந்நிலையை எண்ணிப் பார்ப்போம். "புலி துரத்தும் சிங்கம்", "புலியைத் துரத்தும் சிங்கம்" ஆகிய தொடர்களில் துரத்துவது எது என்பதை 'ஐ' என்னும் ஒரு சிற்றுருபே முடிவு செய்கிறது. தொல்காப்பியர் வேற்றுமைக்கெனத் தனி இயல் வகுத்தமை இங்கு நினையத்தக்கது. "பழம் தின்றான்" என்று உருபின்றிக் கூறினும் நமக்குக் குழப்பமில்லை. குழப்பம் நேரக்கூடிய இடத்தில் உருபை விடுவதில்லை. மொழியிழப்புற்றோர் இடறக்கூடிய இடமும் அதுவே.

எனினும் இலக்கண அறிவு அழிந்துவிட்டது என்று கொள்வதும் தவறு. 1983இல் லைன்பார்கர், சுவார்ட்ஸ், சாஃப்ரன் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இத்தகைய வாக்கியங்களின் பொருளை அறிய இடர்ப்பட்ட நோயாளிகள், ஒரு வாக்கியம் இலக்கணப்படி சரியா பிழையா என்பதைப் பெரும்பாலும் செம்மையாகவே கூறினர். அமைப்பு தென்படுகிறது, அதிலிருந்து யார் யாருக்கு என்ன செய்தார் என்னும் பொருளைப் பெறுவதே கடினமாகிறது.

பல மொழிகள் வழங்கும் இல்லங்களில்

தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து வழங்கும் நம் இல்லங்களில் இச்சிக்கல் மேலும் விரிகிறது. முதலில் கற்ற மொழியே நிலைக்கும் என்பது ரிபோவின் கருத்து. மிகுதியாகப் பழகிய மொழியே முதலில் மீளும் என்று 1895இல் பித்ர் கூறினார். இரண்டும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. பல மொழிகளும் ஒருங்கே மீள்வதுண்டு. ஒன்று முந்தி மற்றொன்று பிந்துவதும் உண்டு. தமிழிலேயே வாழ்ந்த மூதாட்டியை ஆங்கிலத்தில் மட்டும் வினவி, புரிதல் இல்லை என்று முடிவு கட்டுதல் அநீதியாகும். எழுத்துத் தமிழில் வினவுவதும் போதாது. "தண்ணீர் அருந்துகிறீர்களா?" என்பதினும் "தண்ணி குடிக்கிறீங்களா?" என்பதே வாழ்நாளெல்லாம் அவர் செவியில் விழுந்த தமிழ்.

நாம் செய்யத்தக்கவை

தொலைக்காட்சியை நிறுத்தி, முகம் நோக்கி, இயல்பான குரலில் பேசுக. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியே அமைக. "அண்ணன் கொண்டுவந்த மருந்தைக் கொடுத்த தாதி" என்று தொடுக்காமல், "அண்ணன் மருந்து கொண்டுவந்தார். தாதி அதைக் கொடுத்தார்" என்று பிரித்துக் கூறுக. சைகையும் படமும் எழுதிய சொல்லும் துணையாகட்டும். விடைக்குக் காத்திருங்கள். தலையசைப்பை மட்டும் நம்பாதீர்கள். "வலிக்கிறதா?" என்று கேட்டபின், "வலி இல்லையா?" என்றும் கேளுங்கள். இரண்டிற்கும் ஒரே விதமாகத் தலையசைத்தால், வினா இன்னும் சென்று சேரவில்லை என்று அறியலாம். ஒப்புதல் தேவைப்படும் இடங்களில் பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் மதிப்பீடு இன்றியமையாதது; அது நோயாளியின் மொழியில் நிகழவேண்டும் என்று கேட்பது குடும்பத்தாரின் கடமை.

புரிதல் என்பது ஒரே விளக்கன்று, எரிகிறது அல்லது அணைந்தது என்று கூறுதற்கு. ஒலி, சொல், தொடர், சூழல் எனப் பல சுடர்கள் சேர்ந்ததே அது. எவை எரிகின்றன என்று பொறுமையுடன் கண்டறிந்து, அவ்வொளியில் உரையாடுவதே நாம் அவர்களுக்குச் செய்யும் மொழித்தொண்டு.