பாக்கெட்டின் பின்பக்கம்

நம் சங்கத்து விழா ஒன்றில் கேசரி பரிமாறியபோது ஒரு மாமி, "கலர் போட்டிருக்கு, எனக்கு வேண்டாம்" என்று இலையை மறித்தார். பக்கத்தில் இருந்தவர், "எல்லாத்துலயும்தான் கெமிக்கல் இருக்கு, அப்புறம் எதைத்தான் சாப்பிடறது?" என்றார். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உணவில் ஏதாவது சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. அப்பளத்துக்கு அப்பளக்காரம், ஆப்பத்துக்குச் சோடா உப்பு என்று நம் வீட்டிலேயே பழக்கம் உண்டு. ஆலைத் தயாரிப்பில் இவற்றுக்கு ஐ.என்.எஸ். என்ற சர்வதேச எண் தருகிறார்கள். பொதுவாக 100 வரிசை நிறம். 200 வரிசை கெடாமல் காப்பது. 300 வரிசை எண்ணெய் காறாமல் காப்பதும் புளிப்பைச் சீராக்குவதும். 400 வரிசை கெட்டிப்படுத்துவது. 600 வரிசை சுவை கூட்டுவது. நாம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், அங்குள்ள எழுத்து தெரியாவிட்டாலும், எண் ஒன்றுதான்.

எண்ணைக் கண்டதும் விஷம் என்று பயப்பட வேண்டாம். 100 என்பது மஞ்சளின் நிறப்பொருள். 300 வைட்டமின் சி. 330 எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம். 412 கொத்தவரை விதையின் பசை.

பாதுகாப்பு என்பது அளவில் இருக்கிறது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்துத் தீங்கு செய்யாத அளவைக் கண்டுபிடித்து, வழக்கமாக அதில் நூற்றில் ஒரு பங்கையே மனிதருக்கான தினசரி வரம்பாக வைக்கிறார்கள். நம் நாட்டில் பல உணவுகளில் செயற்கை நிறத்துக்கு வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். கேசரியில் "ஒரு சிட்டிகை" போடுகிறோமே, அதை யார் எடை போட்டார்கள்?

ஆகவே, எண் அச்சிட்ட பாக்கெட்டைவிட, எண்ணே இல்லாத உதிரிப் பண்டத்தில்தான் அபாயம் அதிகம். மஞ்சள் தூளிலும் லட்டுவிலும் கலக்கப்படும் மெட்டானில் மஞ்சள் உணவு நிறமே அல்ல. துணிச்சாயமான ரோடமின்-பி இருந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது.

அனுமதி பெற்றவையும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றில்லை. எங்கள் வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை ஒருவன். ஒரு நாள் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் தின்றதும் அவனுக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் முதலில் கேட்டது, "பாக்கெட் இருக்கா?" என்பதுதான். அதில் 220, அதாவது கந்தக டை ஆக்சைடு. ஆஸ்துமா உள்ள சிலருக்கு 220 முதல் 228 வரை உள்ளவை ஆகாது. ஸ்குவாஷ் பாட்டிலிலும் 223, 224 இருக்கலாம். தெரியாமல் நாங்களே வாங்கிக் கொடுத்தது இன்றும் மனதை உறுத்துகிறது.

பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. ரொட்டி மாவில் அனுமதித்திருந்த பொட்டாசியம் புரோமேட் (924), 2016-ல் இந்தியாவில் நீக்கப்பட்டது. 2007-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வுக்குப் பின், சில நிறங்கள் சேர்ந்த உணவில் குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியது. அவற்றுள் 102, 110, 122, 124 இங்கும் அனுமதிக்கப்பட்டவை.

கடையில் அரை நிமிடம் போதும். பாக்கெட்டைத் திருப்புங்கள். எடையில் அதிகமுள்ள பொருள்தான் முதலில் இருக்கும். குழந்தைக்கு வாங்கினால் நிற எண்களைப் பாருங்கள். இழுப்பு இருந்தால் 220 வரிசையைப் பாருங்கள்.

அடுத்த விழாவுக்குக் குங்குமப்பூ கட்டுப்படியாகாவிட்டால், வெள்ளையாகவே கேசரி கிண்டுவோமே! ருசி நெய்யிலும் ரவையிலும்தானே இருக்கிறது?